வெறும் மேடை

வீடு விற்க வேண்டுமென்றால்
சமையல் மேடையில் ஒரு துரும்பும் இருக்கக் கூடாது
என்று சொல்லிவிட்டுப் போனாள் நொம்புசோ.
வியாழன் காலை பத்து மணிக்குப் படம்.
"வாங்குகிறவர்கள் உங்கள் கெட்டிலையா வாங்குகிறார்கள்?
இடத்தை வாங்குகிறார்கள்."
சிரித்தபடிதான் சொன்னாள்.
எனக்குத்தான் கெட்டிலின் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது.

புதன் ராத்திரி பூபாலனும் நானும்
திருட வந்தவர்கள் மாதிரி
சொந்த அடுக்களையைக் காலி செய்தோம்.
டோஸ்டர் துணி அலமாரியில், அவருடைய கல்யாணக் கோட்டுக்குக் கீழே.
கெட்டில் அழுக்குக் கூடையில்.
மிக்சி, அதன் மூன்று ஜார்கள்,
மூடி தொலைந்த நாலாவது ஜார்
எல்லாம் குளியல் தொட்டியில்.
மின்வெட்டுக் காலத்தில் வாங்கிய ஒற்றை கேஸ் அடுப்பு
கட்டிலுக்கு அடியில்.
அரிசிக் குக்கர் காரின் பின்சீட்டில்;
சாயாமலிருக்க பெல்ட் போட்டுவிட்டார்.

ஏர் ஃப்ரையரை எங்கே வைப்பது?
இன்னும் மூன்று தவணை பாக்கி.
கறுத்துப் பருத்த அதை
எந்த அலமாரியும் ஏற்றுக்கொள்ளவில்லை.
கடைசியில் ராகினியின் அறையில்,
அவள் கேப் டவுனுக்குப் போன பிறகு
யாரும் படுக்காத கட்டிலில்
போர்வை போர்த்திக் கிடத்தினோம்.
"காய்ச்சல்காரன்" என்றார்.
சிரிக்கத் தொடங்கி பாதியில் நிறுத்திவிட்டேன்.

சாண்ட்விச் மெஷினுக்குப் பின்னால்
பிறந்தநாள் கேக்கின் மெழுகுவத்தி, ஆறு போட்டது.
ஜூசருக்கு அடியில் பழைய தண்ணீர் பில்,
கட்டினோமா என்று இருவருக்கும் நினைவில்லை.
கேரட் சாறு குடித்தால் சர்க்கரை இறங்குமென்று
யாரோ சொல்ல வாங்கிய ஜூசர் அது.
ஒரு டம்ளர் குடித்தால்
பதினோரு உறுப்பு கழுவ வேண்டும்.
சர்க்கரையே தேவலை.

போகப்போகிற ஃப்ளாட்டில் மேடை இரண்டு முழம்.
அதிலும் அரை முழம் பாத்திரம் கழுவும் தொட்டி.
இதில் எது வரும், எது வராது என்று
நாங்கள் இன்னும் பேசவில்லை.

துடைத்தேன்.
எலுமிச்சை, சோடா உப்பு, வினிகர், ஒரு பழைய பல்துலக்கி.
கெட்டில் இருந்த இடத்து வட்டம் மட்டும்
எதற்கும் அசையவில்லை.
பத்தொன்பது வருஷம் ஐந்தேமுக்காலுக்குக் கொதித்த சூடு.
கிடக்கட்டும் என்று விட்டேன்.

காலையில் தன்பாட்டில் நீண்ட கை
சுவரின் பிளக்கைத் தொட்டுத் திரும்பியது.
ஆளுக்கொரு டம்ளர் பச்சைத் தண்ணீர் குடித்தோம்,
நின்றபடியே, விருந்தாளிகள் போல.

ஒன்பதரைக்கு அவன் வந்தான்.
சில்வர்க்ளென் காட்டோரத்துக் குரங்கு, ஒரு காது கிழிந்தவன்.
தினமும் ஜன்னல் வழியே கைவிட்டு
ரொட்டி எடுத்துப் போகிறவன்.
வினிகர் வாடை போக நான்தான் அகலத் திறந்து வைத்திருந்தேன்.
உள்ளே குதித்தான்.
ரொட்டி டப்பா இருந்த இடத்தைத் தடவினான்.
டோஸ்டர் இருந்த இடத்தை மோந்தான்.
இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு
நிலம் அளப்பவன் மாதிரி நடந்தான்.
பிறகு, சரியாக அந்த வட்டத்தின்மேல் உட்கார்ந்து
என்னைப் பார்த்தான்,
என்ன ஆயிற்று உங்களுக்கு என்பது போல.

விரட்டக் கரண்டி தேடினேன்.
கரண்டியெல்லாம் வாஷிங் மெஷினுக்குள்.

நொம்புசோ அனுப்பிய படத்தில்
அடுக்களை அகலமாக, யாருடையதோவாக இருக்கிறது.
பார்த்தால் எனக்கே வாங்கத் தோன்றுகிறது.
வட்டத்தைக்கூட எப்படியோ அழித்துவிட்டாள்.
ஆனால் பெரிதாக்கிப் பார்த்தால்
ஜன்னல் கண்ணாடியின் ஓரத்தில் நாலு சின்ன விரல் அடையாளம்.
பூபாலனுக்கு அதை இன்னும் காட்டவில்லை.

அவர் காரிலிருந்து குக்கரை இறக்குகிறார்.
பெல்ட்டைக் கழற்ற மறந்து இழுக்கிறார்.
"எங்கே வைக்க?" என்று
வாசலில் நின்று கேட்கிறார்.

மேடையைப் பார்க்கிறேன்.
கொஞ்ச நேரம், என்கிறேன்,
கையிலேயே வைத்திருங்கள்.