கைநாட்டு

பதினெட்டு வயது நிரம்பியிருக்க வேண்டும்
என்றது விண்ணப்பத்தின் முதல் வரி.
எனக்கு அது மூன்று முறை நிரம்பிவிட்டது.

அடுத்தது நல்லொழுக்கம்.
ஆம், இல்லை. இரண்டே கட்டங்கள்.
நடுவிலிருந்த வெள்ளை இடத்தில் பேனா நின்றது:
திருப்பித் தராத நூலகப் புத்தகம்,
கட்டாமல் விட்ட ஆஸ்பத்திரி பில்,
நாத்தனார் லோர்னாவிடம் போனில் சொன்ன ஒரு வார்த்தை.
பிறகு ஆம் என்பதை அழுத்திக் கீறினேன்.
தாள் கொஞ்சம் கிழிந்தது.

தொண்ணூறு மணி நேரப் பாடம்.
துல்சாவில் விடிவதற்கு முன்,
பிக்கப் வண்டிக்குள் ஹீட்டர் இரைய,
ஸ்டியரிங்கில் புத்தகத்தைச் சாய்த்துப் படித்தேன்.
ஒரு சதுர மைலுக்கு அறுநூற்று நாற்பது ஏக்கர்.
வழிப்பாத்தியம்: அடுத்தவர் நிலத்தில் நடக்கும் உரிமை.
(அதைத்தான் இத்தனை நாள் செய்துகொண்டிருந்தேன்,
பின்கதவு வழியாக.)
வில்லங்கம்: சொத்தின் மேல் ஏறி உட்கார்ந்திருப்பது.
எனக்கு அதுவரை அது
என் இரண்டாவது கணவனின் பெயர்.

நான் விற்பனைக்கு வந்த வீடுகளைத் துடைப்பவள்.
இருபத்திரண்டு வருடம்.
ஏஜெண்ட் வருமுன் போய்,
வாங்குபவர் வருமுன் கிளம்பி,
கண்ணாடிக் கதவில் குழந்தை விரல்,
ஃப்ரிட்ஜ் பிடியில் வெண்ணெய் விரல்,
சுவிட்சைச் சுற்றிக் கறுப்பாய்
ஒரு குடும்பம் இருட்டில் தடவிய பத்து வருடம்,
எல்லாவற்றையும் அழித்துக் கொடுத்தவள்.

பரீட்சை தேறினேன். இரண்டாம் முறை.
முதல் முறை தோற்றது கணக்கில்;
அதைப் பற்றிப் பேச விருப்பமில்லை.

கடைசியாகக் கைரேகை.
படிக்காதவர் வைப்பது கைநாட்டு.
படித்து முடித்த பிறகு என்னிடம் அதைக் கேட்டார்கள்.

கண்ணாடிப் பலகையில் கட்டைவிரல் வைத்தேன்.
சிவப்பு விளக்கு.
துடைத்துவிட்டு வைத்தேன். சிவப்பு.
மெஷினுக்குப் பின்னாலிருந்த பையன் கெலன்
என் விரலைப் பிடித்து
வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான்,
சந்தையில் பழம் பார்ப்பதுபோல.
"மேடம், உங்களுக்கு ரேகையே இல்லையே."
"ப்ளீச் தின்றுவிட்டது" என்றேன்.
மூன்று நாள் கைக்கு ஓய்வு கொடுங்கள், கிரீம் தடவுங்கள் என்றான்.
மூன்று நாள் என்பது
என் வாடகையில் நான்கில் ஒன்று.
தடவினேன்.
படுக்கையில் பத்து விரலையும் விரித்துக்கொண்டு
முளைக்குமா என்று பார்த்துக் கிடந்தேன்.

முளைக்கவில்லை. தரம் போதாது என்று கடிதம் வந்தது.
மறுபடி பதித்தோம், மறுபடி கடிதம்.
கடைசியில் என் பெயரை வைத்துத் தேடினார்கள்.
வெர்லீன் டக்கெட் யாருக்கும் எதுவும் செய்திருக்கவில்லை.

லைசென்ஸ் தனியாக நிற்காது,
ஒரு புரோக்கரின் கீழ்தான் மாட்ட வேண்டும்.
ஹோலிஸ் பிராண்ட்லியிடம் போனேன்.
பன்னிரண்டு வருடம் அவருடைய வீடுகளைத் துடைத்திருக்கிறேன்.
அவருடைய சாவிகள் என் சாவிக்கொத்தில் இருக்கின்றன.
ஃபாரத்தை இழுத்து வைத்துக்கொண்டு
என் முழுப்பெயர் கேட்டார்.
எழுத்துக்கூட்டச் சொன்னார்.
கூட்டினேன், மெதுவாக,
ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு வருடம் கழித்துக்கொண்டு.

இன்று என் முதல் வீடு.
சாவி திருப்பி, முன்கதவு வழியே உள்ளே போனேன்.
விருந்தினர்போல் ஒரு நிமிடம் நின்றேன்.
பழக்கதோஷம், கண்ணாடியைத்தான் முதலில் பார்த்தது கண்.
யாரோ துடைத்திருக்கிறாள், நன்றாகவே.
மூலையில் மட்டும் ஒரு கோடு விட்டிருந்தாள்.
கை தன்னால் சட்டைமுனையைத் தேடியது.
வேண்டாம் என்று இறக்கிக்கொண்டேன்.

கார் வந்து நின்றது. இளம் ஜோடி.
அவளுக்கு ஆறு மாதம் இருக்கும்,
ஒரு கையை வயிற்றில் வைத்தபடி
எல்லா அறையும் முகர்ந்து நடந்தாள்.
"ஈரம் ஏதாவது உண்டா?" என்றாள்.
அவன் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

இந்த வீட்டை மூன்று முறை கழுவியிருக்கிறேன்.

"உண்டு" என்றேன்.
"பின்னறை, ஜன்னலுக்குக் கீழே.
வாங்க, கார்பெட்டைத் தூக்கிக் காட்டுகிறேன்."