கரையும் முள்

தடைக்காலம் தொடங்கி நாலாம் நாள்
பஸ் ஏறி ராமநாதபுரம் போய் வாங்கி வந்தேன்.
மண்டபத்து மெடிக்கலில் கேட்டிருந்தால்
மாலைக்குள் ஜெட்டி முழுக்கத் தெரிந்திருக்கும்,
விசைப்படகில் வலை இழுக்கிறவன்
முகப்பருவுக்கு மருந்து தேடுகிறான் என்று.

ஆறு ஒட்டு, அறுநூற்று எண்பது ரூபாய்.
கேணிக்கரைக் கடையில் இருந்த பெண்
என் கன்னத்தைப் பார்க்காமல் சொன்னாள்:
"கழுவி, ஈரம் போகத் துடைச்சு,
பரு மேல வச்சு அழுத்துங்க.
ஆறு மணி நேரம் தண்ணி படக்கூடாது."

தண்ணி படாமல் ஆறு மணி நேரம்!
மற்ற மாசங்களில் நடக்கிற காரியமா?
ஒருநாள் விட்டு ஒருநாள் கடல்.
ஐஸ் தண்ணி, வியர்வை, டீசல் துணி.
காரப்பொடிச் செதில் காய்ந்த கையால்
பருவைக் கிள்ளுகிற பழக்கம் வேறு.
அறுபத்தோரு நாள்தான்
என் முகம் கரையில் இருக்கும்.

செல்போன் வெளிச்சத்தில் ஒன்றைப் பிரித்தேன்.
மீன்கண்ணில் உரித்த தோல் மாதிரி வட்டம்.
நடுவே முள்.
முள் என்று சொல்லவே கூச்சம்,
விரல் வைத்தால் பூனை நாக்கு.

முள் எனக்குத் தெரியும்.
கெளுத்தி குத்தினால் அக்குளில் நெறி கட்டும்.
திருக்கை வாலடி பட்டவன்
வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு
மாதாவையும் ஏசுவான், பிறகு மன்னிப்புக் கேட்பான்.
எந்த முள்ளும் பிடுங்குகிறவரை
இருந்த இடத்தில் இருக்கும்.

காலையில் உரித்துப் பார்த்தேன்.
வட்டம் வழவழவென்றிருந்தது.
முள் ஒன்றுகூட இல்லை.
அத்தனையும் எனக்குள் போய்க்
கஞ்சியில் போட்ட உப்பாகிவிட்டது.
இரண்டு நாளில் நெற்றிப் பரு வற்றியது.
கண்ணாடி முன்னால் நின்று
கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன்.

சந்தியாகு சித்தப்பா மோப்பம் பிடித்துவிட்டார்.
"ஊசி உள்ளேயே கரைஞ்சிருமாடா?"
"கரைஞ்சிரும்."
"வலிக்காதா?"
"சித்தெறும்பு அளவுக்கு."
சட்டையை இறக்கித் தோளைக் காட்டினார்.

அங்கே ஒரு குண்டின் துண்டு இருக்கிறது.
தொண்ணூற்று நாலில் ஒரு ராத்திரி,
வடகடலில்.
கதை சொல்லும்போதெல்லாம் தூரம் மாறும்,
சத்தம் மட்டும் மாறாது.
எடுத்தால் கை விளங்காது என்று
மதுரையில் டாக்டர் விட்டுவிட்டார்.
தொட்டால் பயறு மாதிரி நழுவும்.
கச்சான் அடித்தால் அதற்குத் தெரிந்துவிடும்.

"இதுல ஒண்ணு இங்க ஒட்டேன்."
சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.
இது பருவுக்கான மருந்து,
ஒன்று நூற்றுப்பதிமூன்று ரூபாய்,
இரும்பைக் கரைக்காது
என்றெல்லாம் வாய்வரை வந்தது.
தோளைத் துடைத்தேன், ஈரம் போக.
கடைசி ஒட்டை வைத்துப்
பத்து எண்ணும்வரை அழுத்தினேன்.
வலைக்குவியலில் மல்லாந்து
ஆறு மணி நேரமும் அசையாமல் கிடந்தார்,
தண்ணி குடிக்கும்போதுகூடத்
தோளைத் தள்ளி வைத்துக்கொண்டு.

உரித்ததும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.
"முள்ளு போயிருச்சு."
பிறகு தோளைத் தடவினார்.
"இவன் இருக்கான்."
சட்டையை மாட்டிக்கொண்டு
டீக்குச் சில்லறை கேட்டார்.

நாளை மறுநாள் டோக்கன் தருகிறார்கள்.
ஐஸ் ஏற்றியாயிற்று.
தாடைக்குக் கீழே ஒன்று மட்டும்
பழுக்கவுமில்லை, வற்றவுமில்லை.
விரல் அதையே தேடிப் போகிறது.