விறகுநாள்

பிப்ரவரி முதல் தேதி. கண்கூசும் வெயில்.
கடைவாசலில் நின்று ஃபெரஹர்
வானத்தைப் பார்த்துக் காறித் துப்பினான்.
"போச்சு. கிழவி எழுந்துவிட்டாள்."

எங்கள் பக்கத்துக் கணக்கு இது:
இன்றைக்கு மழையும் சகதியுமாய் இருந்தால்
கல்யக் தூங்குகிறாள், குளிர் முடிந்தது.
வெயில் அடித்தாலோ
அவளே வரவழைத்த வெயில் அது,
சுள்ளி பொறுக்க.
நீல முகம், ஒற்றைக் கண்,
மான்கூட்டம்தான் அவளுக்கு மாடு கன்று.
கைத்தடி பட்ட இடத்தில் புல் இரும்பாகும்.
விறகு சேர்ந்த அளவுக்குக் குளிர்காலம் நீளும்.

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது.
தபால் வண்டி ஓட்டுகிறவள் நான்.
எனக்குத் தெரிந்த ஒரே சாமி
சாலையில் உப்புத் தூவும் லாரி.

க்ரூவகன் மலையடி, கடைசி வளைவு.
மேலே சரிவில் ஓர் உருவம்
குனிந்து, நிமிர்ந்து, குனிந்து.
பிரேக்குக்குக் கால் தானாகப் போயிற்று.
முதுகில் பெரிய கட்டு, சாம்பல் போர்வை,
பக்கத்திலேயே
சட்டை செய்யாமல் மேயும் ஏழெட்டு மான்கள்.

அப்புறம் அந்த இருமல் கேட்டது.
ஒய்ரிக்.

எஸ்டேட் கம்பெனியின் பதிவுத் தபாலை
அக்டோபரில் நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன்.
கையெழுத்துப் போட என் பேனாவையே வாங்கினாள்.
"பனி விட்டதும் வீட்டைக் காலி செய்ய வேண்டும்."
வாசித்தது அவள். கேட்டது நானும் நாயும்.

விறகுக் கொட்டகை கூரைவரை நிறைந்திருந்தது.
போதாதென்று படுக்கையறை ஜன்னலை மறைத்து,
விற்றுவிட்ட ஆடுகளின் தீவனத் தொட்டியில்கூட
பிர்ச், ரோவன், கரையொதுங்கிய மீன்பெட்டிப் பலகை.
"இவ்வளவு எதற்கு ஒய்ரிக்?"
மூச்சு வாங்கியது அவளுக்கு.
வெயிலுக்கு ஒரு கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு
"பனி விட்டதும் என்றுதானே எழுதியிருக்கிறான்" என்றாள்.

நான் ஒன்றும் சொல்லவில்லை.
வண்டியின் பின்னால் உடைந்த சட்டம் ஒன்று கிடந்தது.
இழுத்து வேலியோரம் சாய்த்துவிட்டு
கையைத் தட்டிக்கொண்டேன்.

நான்காம் தேதி இரவு காற்று திரும்பியது.
ஐந்தாம் தேதி சாலை இல்லை.
மார்ச் பாதியில் கடைசி வளைவுவரை தோண்டிப் போனார்கள்,
இரண்டே நாளில் மறுபடி மூடிற்று.
ரொட்டி வரவில்லையென்று
ஃபெரஹர் இன்னமும் கிழவியைத் திட்டுகிறான்.

எஸ்டேட்டின் இரண்டாவது தபால்
என் இருக்கைக்கடியில் கிடக்கிறது.
"சேர்ப்பிக்க இயலவில்லை: பனி" என்று
அதன்மேல் நானே எழுதினேன்.
எழுதிய அன்று
சாலை பாதிதான் மூடியிருந்தது.