முன்வளவு

சங்கத்துக் கடிதம் திங்கட்கிழமை வந்தது.
கதவிடுக்கில் செருகியிருந்தார்கள், முத்திரை குத்தி.

"இருபத்தேழாம் இலக்க வீட்டின் முன்வளவில்
புல் காய்ந்து கிடப்பது அவதானிக்கப்பட்டுள்ளது.
பதினான்கு நாட்களுள் பச்சையாக்கவும்.
உயரம் மூன்று அங்குலம் தாண்டலாகாது.
கத்தரி, மிளகாய், முருங்கை
பின்வளவில் மாத்திரம்."

அதே கதவில் புதன்கிழமை
பிரதேச சபையின் துண்டு:
குளம் வற்றுகிறது.
வீட்டுக்குக் கிழமைக்கு ஐந்நூறு லீற்றர், பவுசரில்.
புல்லுக்கு ஊற்றினால் தண்டம்.

இரண்டையும் ஒரே ஆணியில் குத்திவிட்டேன்.
தங்களுக்குள் பேசித் தீர்க்கட்டும்.

ஐந்நூறை ஏழால் பிரித்தால் எழுபதுசொச்சம்.
மூன்று பேருக்குக் குடிக்க, சமைக்க, குளிக்க,
மகளின் வெள்ளைச் சட்டைக்கு,
மகன் கொண்டுவரும் புழுதிக்கு.
மிஞ்சுவது அரிசி களைந்ததும் கோப்பை அலசியதும்,
நாளுக்கு இரண்டு வாளி.
முன்வளவோ ஐம்பத்துநான்கு சதுர மீற்றர்.
சோளகம் வேறு
நக்கிக் குடித்துக்கொண்டிருக்கிறது.

முப்பத்தோராம் வீட்டு அந்தோனிமுத்தர்
புல்லைக் கிளப்பிவிட்டுப் பச்சைப் பாய் விரித்தார்,
வவுனியாவில் வாங்கியது.
ஒரு ஆடு வந்து கடித்து இழுத்து
விட்டுவிட்டு
அவர் முகத்தைப் பார்த்தது.

"ஆவணியில வருவினம்," என்றார் செயலாளர் குகபாலன்.
வீடு கட்டித் தந்தவர்கள். படம் எடுப்பார்கள்.
"படத்தில பச்சை தெரிஞ்சால்தானே பிள்ளை
அடுத்த கட்டக் காசு விடுவினம்."
அடுத்த கட்டத்தில் என்ன என்று கேட்டேன்.
"கிணறு," என்றார்.
அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

மூன்று அங்குலத்தை எதால் அளப்பது?
மகளின் அடிமட்டத்தை எடுத்துக்கொண்டு
முழங்காலில் இறங்கினேன்.

எனக்கு முதல் முழங்காலுக்கு ஞாபகம் வந்தது.

ஆறு வருசம் இப்படித்தான் இருந்தேன்,
மாங்குளத்துக்கு அங்கால், காட்டு ஓரம்.
முகத்துக்குக் கண்ணாடி, நெஞ்சுக்குக் கவசம்,
அதற்குள்ளே வேர்வை ஓட
ஒரு மீற்றர் அகலப் பாதை.
புல்லை நுனியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாய்
கத்தரித்து, கையால் அள்ளிப் பின்னால் போட்டு,
கருவியைத் தரைக்குக் கிட்டப் பிடித்துக் கேட்பேன்.
கத்தினால் நில்.
கத்தாவிட்டால் சிவப்புத் தடியை ஒரு சாண் நகர்த்து.

அங்கேயும் புல்லுக்கு அளவு இருந்தது.
மேற்பார்வை தவயோகி அடிமட்டத்தோடு வருவாள்,
கூடிவிட்டால் திரும்ப வெட்டவேணும்.
பச்சை வேணுமென்று யாரும் கேட்கவில்லை.
மழை பெய்தால் வேலை நிற்கும்,
வெட்டிய இடமெல்லாம் திரும்ப முளைக்கும்.
மழையைத் திட்டின கமக்காரன் மகள்
நான் ஒருத்தியாய்த்தான் இருப்பேன்.

அது கேட்டிருக்குமோ என்னவோ.

அன்று பின்னேரமே தொடங்கினேன்.
படலையிலிருந்து வாசற்படி வரை
ஒரு மீற்றர் அகலம், ஒன்பது மீற்றர் நீளம்.
இரண்டு வாளியும் அதற்கு மட்டும்.
ஓரம் தெரிய ஈர்க்குக் கட்டின் தடிகளை முறித்து நட்டு,
தலையில் மகளின் பழைய ரிபன் துண்டு கட்டினேன்.
இருந்த நிறம் சிவப்பு.

பன்னிரண்டாம் நாள் பச்சை பிடித்தது.
கடிதத்தின் பின்பக்கம் பதில் எழுதினேன்,
பழைய படிவத்தில் எழுதுவதுபோல:
"ஒன்பது சதுர மீற்றர் முடிந்தது.
மிச்சம் நாற்பத்தைந்து,
இன்னும் தொடங்கவில்லை."

பதிலை வாங்க குகபாலன் தானே வந்தார்.
படலையைத் திறந்தார். தடிகளைக் கண்டார்.
ஒரு கணம் நின்றார்.
இரண்டு பக்கமும் வெறும் தரை,
லொறி போகலாம், அவ்வளவு இடம்.
சாரத்தை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு
ஒற்றை அடியாய்,
கால் வெளியே படாமல்,
பச்சையை மிதித்து மிதித்து
நேரே வந்தார்.

நானும் ஒன்றும் சொல்லவில்லை.