தையலுக்கு விட்ட துணி

முப்பத்திமூன்று வயதில்
பல்லுக்குக் கம்பி கேட்டு வந்தவள் நான்.
சாய்ந்தமருதிலிருந்து முதல் பஸ்.
கல்லடிப் பாலம் ஏறும்போது
வாவியில் இறால் விளக்குகள் இன்னும் அணையவில்லை.

மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில் மாதத்துக்கு ஒருநாள்
இரண்டு டொக்டர்மாரும் ஒரே மேசையில் இருப்பார்கள்:
கம்பி போடுகிறவர், எலும்பு வெட்டுகிறவர்.
அன்றைக்கு என் முகம்
அவர்களுக்கு நடுவில், வெளிச்சப் பெட்டியில்,
பக்கவாட்டில், சதை கழன்று கிடந்தது.

டொக்டர் நிலக்ஷனா
எக்ஸ்றேக்கு மேல் மெல்லிய தாள் விரித்து
நெற்றி, மூக்கடி, மேல்தாடை, கீழ்த்தாடை என்று
புள்ளி வைத்துக் கோடு இழுத்தார்.
எனக்கு அது புதிதில்லை.
அபாயாவுக்குக் கழுத்து வெட்டுமுன்
நானும் இதே தாளில்தான் இழுப்பேன்.
கோடு முடியுமுன்னே பிழை தெரிந்துவிட்டது:
கீழ்த்துண்டு நீளம். மேல்துண்டு கட்டை.

"வளர்கிற வயதென்றால் வேறு கதை.
எலும்பு நின்றுவிட்டது.
இனி இரண்டு வழி.
எலும்பை விட்டுவிட்டு,
பல்லைச் சரித்து மறைக்கிறது ஒன்று..."

மறைக்கிறது.
போன வருசம் மாமி மகளும் அதைத்தான் சொன்னாள்:
முகத்தையும் சேர்த்து மூடினால் முடிந்ததே, ஏன் செலவு?
எனக்கு மூடத் தெரியும், மூடுவதற்கே தைக்கிறேன்.
மூடினாலும் உள்ளே பராட்டா கடிபடாதே.

வீரக்கொடி டொக்டர், மாற்றலாகி வந்தவர்,
தமிழை ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தார்:
"உங்களுக்கு எது கரைச்சல்? முகமா, கடியா?"
பெண் பார்க்க வந்தவர்கள்
ஒருவரும் இதைக் கேட்டதில்லை.
பார்த்தார்கள், போனார்கள்.

"நூல்," என்றேன்.
இருவரும் நிமிர்ந்தார்கள்.
"நூல் கடிக்க வராது. முன்பல் ஒன்றிலொன்று படாது.
பதினேழு வருசம், ஒவ்வொரு முடிச்சுக்கும்
கத்தரிக்கோலைத் தேடுகிறேன்."
நிலக்ஷனா சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டார்.

கோணமானியைத் தாளில் வைத்தார்.
"கொஞ்சம் குறைவென்றால் கம்பி போதும் என்பேன்.
இன்னும் கூட என்றால் வெட்டத்தான் வேணும் என்பேன்.
நீங்கள் வரம்பில் நிற்கிறீர்கள்,
இரண்டு வயலும் தெரிகிறது."

பென்சில் கீழ் முன்பல்லில் நின்றது.
"ஆனால் இது ஏற்கெனவே உள்ளுக்குச் சரிந்திருக்கிறது, பாருங்கள்.
மேல்பல் வெளியே வந்திருக்கிறது.
யாரும் சொல்லாமலே உங்கள் பல்
இத்தனை வருசம் சமாளித்திருக்கிறது.
இன்னும் சரித்தால் வேர் எலும்பை விட்டு வெளியே வரும்."

அவர் முடிக்குமுன் விளங்கியது.
பிரித்து விட உள்ளே துணி இல்லை.
விட்டிருந்ததையெல்லாம் இழுத்துத் தைத்தாயிற்று.
இப்படிச் சட்டையோடு வருகிறவர்களிடம் நானே சொல்வேன்:
பொத்தானை நகர்த்திப் பிரயோசனமில்லை,
தோளைப் பிரித்து வெட்ட வேணும்.
அதைக் கேட்டு அவர்கள் முகம் போகிற போக்கை
அன்றைக்குத்தான் உள்ளிருந்து பார்த்தேன்.

வெட்டினாலும் கம்பி உண்டு, முதலில், ஒன்றரை வருசம்,
சாய்ந்த பல்லை எல்லாம் நிமிர்த்த.
அந்தக் காலம் தாடை இன்னும் முன்னுக்குத் தெரியும்,
கண்ணாடியோடு சண்டை பிடிக்காதீர்கள் என்றார்.
பிறகு மயக்கம், வெட்டு, சின்னத் தகடுகள்,
ஆறு கிழமை கஞ்சி.
வீரக்கொடி தன் கீழுதட்டைத் தொட்டுக் காட்டினார்.
"இங்கே ஒரு நரம்பு." சொல்லைத் தேடினார். "நூல் மாதிரி.
சில ஆட்களுக்கு மரத்துப் போகும்.
சில ஆட்களுக்குத் திரும்பி வராது."

ஒன்றும் செய்யாமல் விட்டாலும் பிழையில்லை என்றார்கள்,
இரண்டு பேருமே.
அது எனக்குக் கோபமாகவும் இருந்தது.
தாளைக் கேட்டேன். பிரதி எடுத்துத் தந்தார்கள்.

இப்போது அது வெட்டுமேசையில், சோக்குக் கட்டிக்குக் கீழே.
புதன்கிழமைக்குள் பதில் சொல்ல வேணும்.
புதன்கிழமைதான் மூன்று கல்யாணக் கவுனும்.
ராத்திரி மெசினை நிறுத்திவிட்டு
கீழுதட்டில் ஊசிமுனையை மெல்ல வைத்துப் பார்த்தேன்.
இடது. வலது. நடு.
மூன்று இடத்திலும் சுருக்கென்றது.