எந்தக் காற்றில்?

ஆயிரத்து இருநூற்று ஏழாவது எண்ணுக்காக
ஃபாரோ தீவுகளின் வடக்கு விளிம்புக்குப் போனோம்.
ஹோக்னி, படகு எஞ்சினோடு முப்பது வருடம் போட்டிபோட்டுக் கத்தியதில்
மெதுவாகப் பேசவே மறந்தவன்.
பைந்தா, மீன் ஆலையில் கணக்கெழுதுகிறவள்,
ஒரு தசமப் புள்ளி இடறினால் தூக்கம் போய்விடும் அவளுக்கு.
நான், வண்டி ஓட்ட, சூப் சுமக்க.

உலகத்தில் விழுகிற தண்ணீரையெல்லாம்
ஒரே பட்டியலில் சேர்க்கச் சொல்லி
யார் கேட்டார்கள் இவர்களை?
பெருவில் ஒரு லாரிக்காரன், லெசோத்தோவில் ஒரு தாதி,
நார்வேயில் ஒரு அப்பாவும் பேசிக்கொள்ளாத அவர் மகளும்,
முகம் பார்த்திராத எழுபது எண்பது பேர்
ஞாயிற்றுக்கிழமைகளைக் கொடுத்து
மீட்டர்கள் வாங்குகிறார்கள்.
விழும் உயரம். அகலம். எத்தனை படி.
வருடம் முழுக்க ஓடுமா, பனி உருகும்போது மட்டுமா.
பெயர்.
ஐந்து மீட்டருக்குக் கீழே என்றால் சேர்த்தி இல்லை.
போன மாதம் நாலு மீட்டர் தொண்ணூறு தேறிய ஒன்றை
பைந்தா கோடு போட்டு அடித்தாள்.
வீடு வரும்வரை வாய் திறக்கவில்லை.

செம்மறிகள் காற்றுக்கு முதுகு காட்டி நின்றன.
கதவைத் திறந்தேன்,
கதவு என்னையும் இழுத்துக்கொண்டு போகப் பார்த்தது.
பாறை முடிகிற இடத்தில் ஓடையும் முடிந்தது.
கீழே கடல்.
நடுவே, தண்ணீர் இருக்கவேண்டிய இடத்தில்
வெறும் கருங்கல். அதுவும் காய்ந்து.
தண்ணீர் எங்கே என்று கத்தினான் ஹோக்னி.

தலைக்கு மேலே இருந்தது.

விளிம்பு வரை ஒழுங்காக வந்த ஓடை
ஒரு காலை வெளியே வைத்ததும்
கடற்காற்று இடுப்பைப் பற்றி அப்படியே தூக்கியது.
புகை மாதிரி என்று சொல்லமாட்டேன், புகைக்குக் கனமில்லை.
உதறிய கம்பளிபோல் எழுந்து
எங்களுக்குப் பின்னால் புல்லில் சொத்தென்று விழுந்து
வழிந்து மறுபடி ஓடையில் சேர்ந்து
மறுபடி விளிம்புக்கு வந்தது,
அதே தண்ணீர்,
எத்தனையாவது தடவையோ.

ஹோக்னி லேசர் மானியை நீட்டினான்.
அது பாறையை அளந்தது: நூற்று முப்பத்தொன்று.
பாறை யாருக்கு வேண்டும், என்றாள் பைந்தா,
தண்ணீர் ஒரு சாண்கூட இறங்கவில்லையே.
நாளைக்கு இறங்கும்.
அப்படியானால் நாளைக்கு எழுதலாம்.
நாளைக்கு உனக்கு ஆலை உண்டு, என்றான் அவன்.
அது உண்மை.

வீழ்ச்சி என்ற சொல்லை நினைத்துக்கொண்டேன்.
நீர்வீழ்ச்சி. காற்று அதில் பாதியைத் தின்றுவிட்டது,
நீர் மட்டும் மிச்சம்.
அருவி என்றால் பரவாயில்லை,
அந்தச் சொல் எந்தப் பக்கம் போகவேண்டும் என்று
யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை.

தப்பிய ஆட்டைத் தேடி வந்த சுன்வா
எங்கள் நனைந்த முதுகுகளைப் பார்த்து நின்றாள்.
இதற்கு என்ன பெயர்?
எந்தக் காற்றில்? என்றாள்.
காற்றில்லாத நாளில் அது தொங்குகயிறு.
தெற்குக் காற்றில், வாளி கவிழ்த்தவள்.
இப்படி வடக்கே இருந்து அடித்தால்,
தோளைக் குலுக்கினாள்,
இப்படி அடித்தால் யாரும் வெளியே வருவதில்லை.
பெயர் வைக்க ஆள் இருந்ததில்லை.
எங்கோ ஆடு கத்தியது. போய்விட்டாள்.

வண்டிக்குள் சூப் ஆறியிருந்தது.
பைந்தா படிவத்தை முழங்காலில் வைத்து
பையைத் துழாவிச் சிவப்புப் பேனா எடுத்தாள்.
நஷ்டத்தை எழுதத் தெரியாதா எனக்கு, என்றாள்.
உயரம்: கழித்தல் பதினொன்று.
ஹோக்னி எட்டிப் பார்த்தான். மறுக்கவில்லை.
பெயர்: மூன்று தடவை பேனாவை வைத்து
மூன்று தடவை எடுத்தாள்.

கண்ணாடியெங்கும் மேலிருந்து அதே தண்ணீர்.
வைப்பரைப் போட்டேன்.
அது ஒரு வீச்சில் அள்ளி
ஒரு முழம் கீழே தள்ளிவிட்டது.
அளக்கட்டுமா, என்றான் ஹோக்னி,
கத்தாமல்.