வடக்குக் கூரையின் கணக்கு

அட்லாண்டிக் நடுவே பீக்கோ தீவு.
எரிமலை தன் கறுப்பையெல்லாம் எங்களுக்கு விட்டுப்போனது,
ஓர் ஓடையைக்கூட விடவில்லை.
பெய்ததெல்லாம் பாறையின் பொத்தல் வழியே
கடலுக்குப் போய்விடும்.
கரையோரக் கிணற்றில் அலை ஏறி இறங்கும்;
மாடுகள் முகர்ந்து பார்த்துத்
தலையைத் திருப்பிக்கொள்ளும்.

தொழுவத்துக்குத் தகரம் போட்ட அன்று
எவரிஸ்தோ சொன்னான்:
"இது கூரையில்லை தியோலிந்தா,
சரிந்து கிடக்கும் வயல்."
ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் பெய்தால்
ஒரு லிட்டர்.
கூரை முந்நூறு சதுர மீட்டர்.
மாடு ஒன்றுக்கு நாளைக்கு எண்பது லிட்டர்;
கறப்பவை பதினெட்டு.
பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு
வானத்தைப் பார்த்தான்,
தவணை தப்பியவனைப் பார்ப்பதுபோல.

முதல் மழையை நாங்கள் சேர்ப்பதில்லை.
அது கூரையைக் கழுவ வந்த மழை:
கடற்பறவை எச்சம், உப்புத் தூசி,
ஒருமுறை குழாய்க்குள் செத்த குருவி.
அதை வெளியே திருப்பிவிட்டு
இரண்டாம் மழைக்குக் காதைத் தீட்டிப் படுத்திருப்போம்.
முதலில் வெறும் சிமெண்டில் விழும்.
பிறகு தண்ணீர்மேல் தண்ணீர்.
ஒலி கனத்த பிறகுதான்
எவரிஸ்தோ குறட்டை விடுவான்.

இந்த ஆகஸ்டில் ஐந்து வாரம்
வானம் வாய் திறக்கவில்லை.
தொட்டியில் கோலை இறக்கினேன்.
நனைந்தது முழங்கை நீளம்,
ஒன்பது நாளுக்கு வரும்.

அன்றுதான் சுல்மீரோ வந்தான்,
எல்லைச் சுவரின் மூன்று கற்களுக்காகப்
பதினோரு வருடம் பேசாதவன்.
வண்டியில் காலிப் பீப்பாய்கள்
ஒன்றையொன்று இடித்து
அவனுக்காகப் பேசின.

அள்ளிக் கொடுத்தேன் என்று சொல்ல ஆசைதான்.
அளந்துதான் கொடுத்தேன்.
குறிப்பேட்டில் எழுதினேன்:
சுல்மீரோ, ஆறு பீப்பாய்.
எங்கள் நாள்கள் இனி எட்டு.
விலை என்ற இடத்தில் பென்சில்
சற்று நின்றுவிட்டு நகர்ந்தது.

மறுநாள் விடியலில் கூரைமேல் காலடிச் சத்தம்.
வடக்குப் பக்கம் தொங்கிப்போன பீலியை
நிமிர்த்திக்கொண்டிருந்தான்.
பல்லிடுக்கில் நான்கு ஆணிகள்,
பேசாமலிருக்க நல்ல காரணம்.

மழை இன்னும் வரவில்லை.
ஏணியில் ஏறி, ஒரு குவளைத் தண்ணீரைப்
பீலிக்குள் ஊற்றிப் பார்த்தேன்.
கொஞ்சம் தயங்கியது.
பிறகு
தொட்டி இருக்கும் பக்கமாக நடந்தது.